குழாய்க்கு இடமா, ஆட்களுக்கு இடமா?

கேள்வி:

ஐயா, காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டும் தொழில் செய்துவருகிறேன். இதுவரை ஒரு லோடு ஆட்டோவும் இரண்டு பைக்குகளுமாகச் சமாளித்தோம். இப்போது பிக்கப் வாங்கக் கடன் கிடைத்திருக்கிறது. வண்டியை நானே ஓட்டுவேன். என்னுடன் மூன்று ஆட்கள் வருவார்கள்; ஆழமான போர் என்றால் நான்கு பேர். பத்தடிக் குழாய்கள், குழாயை மேலே தூக்க நிறுத்தும் முக்காலி, அதில் மாட்டி இழுக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக், மோட்டார், கேபிள் ஆகியவைதான் சுமை. பத்தடித் தளம் உள்ள சிங்கிள் கேபின் எடுத்தால் குழாய் நிம்மதியாகப் படுக்கும், ஆட்கள் பின்னால் உட்கார்ந்து வரட்டும் என்கிறான் என் தம்பி. ஐந்து பேர் உட்காரும் டபுள் கேபின்தான் வேண்டும் என்கிறாள் மனைவி. ஆனால் அதில் தளம் ஐந்தடிகூட இல்லை. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னிடம் இருப்பது கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் மட்டுமே. எதை எடுப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

டபுள் கேபின் எடுங்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. தம்பியின் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. குழாயைப் பற்றி அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அதற்கு வழி சொல்கிறேன். ஆனால் "ஆட்கள் பின்னால் உட்கார்ந்து வரட்டும்" என்ற பேச்சை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை தருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காவல் நிலையத்தின் பின்புறம் நிறுத்தியிருந்த பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போனேன். உங்கள் தொழில்தான், சிங்கிள் கேபின்தான். வண்டி எதன் மீதும் மோதவில்லை, கவிழவும் இல்லை. முன் பம்பரில் ஒரு கீறல்கூடக் கிடையாது. சாலையில் ஆடு குறுக்கே வந்திருக்கிறது, ஓட்டியவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். தளத்தில் கிடந்த குழாய்கள் கட்டை அறுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்து, கேபினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டை உள்பக்கமாகக் குழித்திருந்தன. தகட்டுக்கும் குழாய் முனைகளுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி அப்பளம்போல நசுங்கியிருந்தது. அதன் ஓரத்தில் காய்ந்துபோன எலுமிச்சைச் சாதம். இரண்டு பேர் குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சிராய்ப்பு. மற்றவருக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் முக்காலிப் பக்கம் போகவே இல்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். வண்டிக்கு ஆன சேதம் சில ஆயிரம் ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தூக்குப்போசி இன்னமும் என் கண்ணில் நிற்கிறது.

தளத்தில் உட்காரும் ஆளுக்குப் பிடிமானம் கிடையாது, பெல்ட் கிடையாது. பக்கத்திலேயே முப்பது கிலோ இரும்பு கட்டில்லாமல் கிடக்கும். வேலை முடித்துத் திரும்பும்போது இருட்டியிருக்கும். ஆட்கள் களைத்துக் கண் அயர்ந்திருப்பார்கள். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை; நீங்களே தினமும் சாலையில் பார்ப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கிள் கேபின் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டு என்றே இருக்கும். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிவந்த பயணிகளுக்கு நேரும் பாதிப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் காப்பீட்டுக்குள் வருவார்கள். தொழிலாளர்களுக்குச் சட்டப்படி தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால், இருக்கை இல்லாத இடத்தில் உட்கார்ந்து வந்தவர் உங்களிடம் வேலை செய்தவர்தானா, எதற்காக வண்டியில் ஏறினார் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்கும்படி வரும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை மருத்துவச் செலவை யார் பார்ப்பது? ஒரே ஊர்க்காரர்கள், தினமும் முகம் பார்ப்பவர்கள். பொறுப்பு உங்கள் தலையில்தான் விடியும். ஐந்து இருக்கை என்று ஆர்.சி.யில் இருந்து, பாலிசி எடுக்கும்போது ஓட்டுநர் தவிர மற்ற நால்வருக்கும் கூடுதல் பிரீமியம் கட்டி, அது பாலிசித் தாளில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முகவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், தாளைப் படியுங்கள்.

இனி குழாய்.

உங்கள் தொழிலில் குழாய் எப்போது பயணம் செய்கிறது? இதை நீங்கள் யோசித்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்று தோட்டக்காரர் கூப்பிடுகிறார். போய்க் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து அங்கேயே தென்னை மர நிழலில் அடுக்குகிறீர்கள். மோட்டாரை மட்டும் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுவருகிறீர்கள். திரும்பப் போய் அதே குழாய்களை இறக்குகிறீர்கள். குழாய்கள் தோட்டத்தை விட்டு நகர்வதே இல்லை. உடைந்த இரண்டு மூன்றுக்குப் பதில் புதிதாக எடுத்துப் போவீர்கள், அவ்வளவுதான். புதுப் போருக்கு முழுத் தொகுப்பும் போட வேண்டிய நாளில்தான் குழாய் மொத்தமாகப் பயணிக்கிறது. 600 அடி போர் என்றால் பத்தடிக் குழாய் 60. அதையும் பல இடங்களில் குழாய் விற்ற கடையே தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

ஆட்கள் அப்படி இல்லை. அவர்கள் தினமும் வருகிறார்கள், காலையும் மாலையும்.

உங்கள் வேலைக் குறிப்பு நோட்டை எடுத்து, கடந்த மூன்று மாதத்தில் இருபது குழாய்க்கு மேல் ஏற்றிப்போன நாட்களை மட்டும் சுழியுங்கள். மாதம் ஐந்தாறு நாட்களுக்குள் இருந்தால் அந்த நாட்களில் வாடகைக்கு லோடு ஆட்டோ பிடிப்பதுதான் உத்தமம். கைவசம் இருக்கும் லோடு ஆட்டோ நல்ல நிலையில் இருந்தால் அதை விற்காமல் குழாய்க்கென்றே வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பத்தடித் தளத்தை வருடம் முழுவதும் வெறுமையாக ஓட்டிக்கொண்டு, அதில் ஆட்களை உட்காரவைக்க வேண்டியதில்லை.

பத்து, இருபது குழாய்களை டபுள் கேபினில் எப்படிக் கொண்டுபோவது? டபுள் கேபின் பிக்கப்களில் தளம் ஐந்தடியை ஒட்டித்தான் இருக்கிறது. இசுஸு டி-மேக்ஸ் எஸ்-கேப் தளம் 1,485 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. பத்தடிக் குழாயை அதில் போட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டால் பாதிக் குழாய் வெளியே தொங்கும். அப்படிச் செய்யவே கூடாது. பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டு போகலாம் என்று முன்பு விதியில் இடம் இருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் மோதி ஏராளமானோர் இறந்ததால் 2014-இல் மத்திய அரசு அதை நீக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சுமை வண்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பைக்கில் பின்னால் வருகிறவனுக்கு இரவில் அந்தத் துணி தெரியாது.

வழி, மேலே சட்டம் அடிப்பதுதான். தளத்தின் பாடியிலிருந்து நான்கு கால்கள் எழும்பி, கேபின் கூரைக்கு மேல் நீளும் இரும்புச் சட்டம். கூரைத் தகட்டில் ஒரு கிலோ எடையும் இறங்கக் கூடாது. கூரை அதற்காகச் செய்ததல்ல. முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து பின்கதவு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியில் அது பத்தடி வந்தால் குழாய் வண்டியின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வரவில்லை என்றால் வேறு மாடலைப் பாருங்கள். வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி அனுமதி கேளுங்கள். அனுமதியில்லாத மாற்றம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கும் நாளில் இடிக்கும். புதிய சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மேல்சட்டத்தில் குழாயைத் தவிர வேறு எதையும் ஏற்றாதீர்கள். குழாயும் நூறு கிலோவுக்குள் இருக்கட்டும். உயரத்தில் எடை கூடினால் வளைவில் வண்டி சாயும். அதிலும் பட்டை ஸ்பிரிங் வண்டி. மோட்டார், செயின் பிளாக், கிளாம்ப், கேபிள் எல்லாம் கீழே, கேபின் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதில்லை. நீளத் தளத்தில் சுமை பின் அச்சுக்கு முன்னும் பின்னுமாகப் பரவிவிடும். டபுள் கேபினின் குட்டைத் தளமோ ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கனமான பொருளைப் பின்கதவு ஓரமாக வைத்தால் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் இழக்கும். முக்காலியும் பத்தடிக்குள் கழன்று இணைகிற வகையாக இருக்கட்டும்.

எடைக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் பேலோடு என்று அச்சடித்திருக்கும் சுமைத் திறனை விடுங்கள். ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடையும் சுமையோடு அனுமதித்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நீங்கள் ஐந்து பேரும் அடக்கம். மஹிந்திரா பொலேரோ கேம்பர் போன்ற டபுள் கேபின் வண்டியின் சுமைத் திறன் ஒரு டன். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் ஐந்து பேருக்கு 325 போக, சரக்குக்கு 675 கிலோ. குழாய் முழுத் தொகுப்பு ஏற்றாத நாளில் உங்கள் சாமான்களுக்கு இது தாராளம் என்றே நினைக்கிறேன். நினைப்பு போதாது, ஒருநாள் எல்லாச் சாமானையும் லோடு ஆட்டோவில் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள், பிறகு இறக்கிவிட்டு வெறும் வண்டியை நிறுத்துங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் உண்மையான சுமை. இவ்வளவு பணம் கொடுத்து வண்டி வாங்கும் எத்தனையோ பேர் எடைமேடையின் சிறு கட்டணத்துக்குத் தயங்குவதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்திருக்கிறது.

சிங்கிள் கேபினின் பெருமை இந்த இடத்தில்தான். 2023-இல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையில் 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை சுமைத் திறன் உண்டு, தளமும் 3,050 மில்லிமீட்டர் வரை, அதாவது உங்கள் பத்தடிக் குழாய் கச்சிதமாகப் படுக்கும். டாடா யோதா 2.0-வும் இரண்டு டன் ஏற்றும். நல்ல வண்டிகள். நீங்கள் குழாய்க்கடை வைத்திருந்தால், அல்லது தினமும் புதுப் போர் மாட்டுகிறவராக இருந்தால், யோசிக்காமல் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே வண்டியில், மற்றவர்கள் பஸ்ஸிலோ பைக்கிலோ வர வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்குத் தருகிறது. ஒரு டன் ஏற்றும் டபுள் கேபின் அந்த வரம்புக்குள் அடங்கும். 1.7 டன், 2 டன் ஏற்றும் வண்டிகள் அடங்காது. சொந்தச் சாமானை ஏற்றினாலும் பெர்மிட் வேண்டும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சுமையோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை அதன் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது.

டபுள் கேபின் நீளமானது, இட்டேரியில் திரும்பாது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். இருபுறமும் கிளுவை வேலியும் நடுவில் ஒரு வண்டித்தடமும் மட்டுமே இருக்கும் உங்கள் ஊர் இட்டேரிகள் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு தவறு. கேம்பரின் மொத்த நீளம் 4.86 மீட்டர். பத்தடித் தளம் போட்ட சிங்கிள் கேபின் வண்டிகள் அதைவிட நீளம். பின்பக்கம் எடுக்கும்போது வேலியில் உரசப்போவது நீளத் தளம்தான்.

டபுள் கேபினில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். பின்னிருக்கை பல வண்டிகளில் உட்காருவதற்குக் கடினமானது. சாய்மானம் கேபின் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக நிற்கும், சாய்ந்து உட்கார வழியில்லை. முன்னிருக்கையைப் பின்னால் தள்ளினால் முழங்கால் இடிக்கும். சில மாடல்களில் ஏசி கிடையாது. புதிய லாரிகளின் ஓட்டுநர் கேபினுக்கு 2025-இல் ஏசி கட்டாயமாகிவிட்டது. ஆனால் அது 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான், பிக்கப்புக்குப் பொருந்தாது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கச் சங்கிலி இழுத்தவர்களை அந்தத் தகரப் பெட்டிக்குள் நெருக்கி உட்காரவைப்பதும் சரியில்லை. ஏசி உள்ள மாடலாகப் பாருங்கள். பின்னிருக்கையில் மூன்று பேருக்கும் பெல்ட் இருக்கிறதா, அது தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டா என்று இழுத்துப் பாருங்கள். பெல்ட் இல்லாத இடத்தில் ஆளை உட்காரவைக்காதீர்கள்.

முன்தோற்றம் ஒன்றாக இருப்பதால் இரண்டு கேபினும் ஒரே அளவு பாதுகாப்பானவை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பிக்கப்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றரைக் கேபின் ஒன்றும் உண்டு. 2015-இல் அங்குள்ள ஐஐஹெச்எஸ் என்ற அமைப்பு ஃபோர்டு எஃப்-150 வண்டியின் ஒன்றரைக் கேபினையும் முழுக் கேபினையும் தனித்தனியாக மோதவிட்டுப் பார்த்தது. முன்பக்கத்தின் சிறு பகுதி மட்டும் மோதும் சோதனையில் முழுக் கேபின் முதல் தரம் பெற்றது. ஒன்றரைக் கேபினில் முன்பகுதி உள்ளே நொறுங்கி ஓட்டுநரின் இடத்தை நெருக்கியது. முழுக் கேபினில் சக்கரத்தை ஒட்டி வைத்திருந்த கூடுதல் தடுப்புக் கம்பிகள் மற்றதில் இல்லை. அடுத்த ஆண்டு மாடலிலிருந்து ஃபோர்டு எல்லாவற்றிலும் வைத்தது. ஆகவே ஏர்பேக் எத்தனை, ஏபிஎஸ் உண்டா என்று கேட்கும்போது நீங்கள் வாங்கப்போகும் அதே கேபின், அதே மாடலுக்கு என்று அழுத்திக் கேளுங்கள்.

உங்கள் மனைவி டபுள் கேபின் கேட்பதில், அவசரத்துக்குக் குடும்பமும் அதிலேயே போகலாம் என்ற எண்ணமும் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். போகலாம். மஞ்சள் நம்பர் தகடு போட்ட சரக்கு வண்டி என்பதால் அவர்களுக்குக் காப்பீடு எந்த அளவுக்கு உண்டு என்பதை மட்டும் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலையாட்களுக்குக் கட்டும் கூடுதல் பிரீமியம் குடும்பத்தாருக்குச் செல்லாது.

வண்டி பார்க்கப் போகும் நாளில் நான்கு பேரையும் கூட்டிப்போங்கள். உங்கள் காலுக்கு ஏற்றபடி ஓட்டுநர் இருக்கையைச் சரிசெய்துவிட்டு, அவர்களில் உயரமானவரை உங்களுக்கு நேர் பின்னால் உட்காரவைத்துக் கதவைச் சாத்துங்கள். சோதனை ஓட்டத்தைக் கடையைச் சுற்றி ஒரு வட்டத்தோடு முடிக்காமல், ஒரு அரை மணி நேரம் தோட்டத்துச் சாலையில் ஓட்டுங்கள். இறங்கியதும் உங்கள் தம்பியிடம் கேட்காதீர்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவரிடம் கேளுங்கள்.